எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? மனம் கசந்த வாக்காளரும் 2016 பிரிட்டன் பொதுவாக்கெடுப்பும்

1. பொருளும் எல்லையும்

2016 ஜூன் 23 அன்று ஐக்கிய இராச்சியத்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில் 1 கோடியே 74 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்றனர். 1 கோடியே 61 லட்சம் பேர் தொடரலாம் என்றனர். விழுக்காட்டில் 51.9, 48.1. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு பாத்திரங்களை வைத்தே கதையை நடத்துகிறார்கள். ஒருவர் ஒன்றியத்தின் மேல் பற்றுள்ள, படித்த நகரவாசி. மற்றவர் குடியேறிகள் மேல் கோபம் கொண்ட, தொழிற்சாலை மூடிய ஊர்க்காரர். இருவரும் பிரசாரம் தொடங்கும் முன்பே முடிவெடுத்துவிட்டவர்கள். அவர்களிடம் ஆராய அதிகம் இல்லை.

இக்கட்டுரை மூன்றாவது ஒருவரை எடுத்துக்கொள்கிறது. அவருக்கு எந்தக் கட்சியின் மேலும் நம்பிக்கை இல்லை. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்துவிடக்கூடியவர். போனாலும் கடனுக்குப் போய் வருபவர். அவருடைய கசப்பு பிரிட்டன் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மேல். கேட்கப்பட்ட கேள்வியோ ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸ் பற்றியது. இந்த முகவரிக் குழப்பத்தை அவர் அறியாமல் செய்தார், ஏமாற்றப்பட்டார் என்பது பரவலான கருத்து. அறிந்தேதான் எடைபோட்டார் என்பது என் வாதம். அவர் கையில் இருந்த தராசில் ஒன்றை மட்டும் யாரும் வைக்கவில்லை: திரும்பி வரும் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்ற கணக்கை.

ஸ்காட்லாந்து 62 விழுக்காடும் வட அயர்லாந்து 55.8 விழுக்காடும் தொடர்வதற்கு வாக்களித்தன. அவ்விரண்டின் அரசியல் கசப்புக்கு வேறு வரலாறு உண்டு. எனவே ஆய்வு இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றோடு நிற்கிறது. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: வெளியேறச் சொன்ன எல்லோரும் மனம் கசந்தவர்கள் அல்லர். தென் இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் ஓய்வூதியத்தோடு வசதியாக வாழ்ந்த ஏராளமானோர் அப்படி வாக்களித்தார்கள். அவர்கள் இங்கே பேசுபொருள் அல்லர்.

2. கசப்பின் வரலாறு

2.1 வாக்குச்சாவடிக்குப் போகாத பழக்கம்

1950 பொதுத்தேர்தலில் பிரிட்டனில் பதிவான வாக்கு 83.9 விழுக்காடு. 1992இல் 77.7. 2001இல் 59.4. பத்தே ஆண்டுக்குள் இந்தச் சரிவு நேர்ந்தது. அதற்குள் இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றுபோலப் பேசத் தொடங்கியிருந்தன.

பிறகு வந்தவை கசப்பை உறுதியாக்கின. 2003 பிப்ரவரியில் லண்டன் தெருக்களில் பல லட்சம் பேர் திரண்டும் இராக் போர் நிற்கவில்லை. 2008இல் வங்கிகளை மக்கள் வரிப்பணம் காப்பாற்றியது. 2010 முதல் சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் நூலகங்களும் முதியோர் பராமரிப்பும் வெட்டப்பட்டன. கல்விக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று கையெழுத்திட்ட லிபரல் டெமாக்ரட் உறுப்பினர்கள், கூட்டணி ஆட்சியில் அமர்ந்ததும் அது 9,000 பவுண்டாக உயர்வதைத் தடுக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் கழிந்தும் மக்கள் நினைவில் நின்றது நாடாளுமன்ற உறுப்பினர்களின் 2009ஆம் ஆண்டுப் படிச்செலவு ஊழல்தான். ஓர் உறுப்பினர் தம் குளத்து வாத்துகளுக்கு மிதக்கும் வீடு வாங்கிய 1,645 பவுண்டைக் கோரியிருந்தார். இன்னொருவரின் பட்டியலில் மாளிகையைச் சுற்றிய அகழியைத் தூர்வாரிய செலவு இருந்தது. வாத்து வீட்டுக்குப் பணம் தரப்படவில்லை என்ற உண்மை யார் காதிலும் ஏறவில்லை. சில உறுப்பினர்கள் சிறைக்கே போனார்கள். போரைவிட, வங்கியைவிட ஒரு வாத்து வீடு மனத்தில் தங்கியது என்றால் வியப்பில்லை. கோடிகளைக் கற்பனை செய்ய முடியாது, அகழியைக் கற்பனை செய்ய முடியும்.

2.2 எடையில்லாத வாக்கு

2015 மே பொதுத்தேர்தலில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 38.8 லட்சம் வாக்கு பெற்று ஒரே ஓர் இடத்தில் வென்றது. ஸ்காட்டியத் தேசியக் கட்சிக்கு 14.5 லட்சம் வாக்கு, 56 இடங்கள். தொகுதியில் முதலில் வருபவரே வெல்லும் முறையின் விளைவு இது. இம்முறையில் பெரும்பாலான தொகுதிகளில் முடிவு முன்பே தெரியும். அங்கே வாழும் ஒருவர் வாழ்நாள் முழுக்க வாக்களித்தும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்.

இதில் பழி முழுவதையும் தலைவர்கள் மேல் போடுவதற்கில்லை. 2011 மே 5 அன்று, வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் மாற்றுமுறை வேண்டுமா என்று நாட்டையே கேட்டார்கள். அது விகிதாச்சார முறை இல்லைதான். ஆனாலும் ஒரு கதவு. 42 விழுக்காட்டினர் மட்டுமே வந்தனர், வந்தவர்களில் 67.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். எடையில்லாத வாக்கைப் பற்றிப் புலம்பியவர்களில் பாதிப்பேர் அன்று வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

2016இல் நிலைமை வேறு. நாடே ஒரு தொகுதி. ஒவ்வொரு வாக்கும் சமம். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாக விழுந்தன, பதிவு 72.2 விழுக்காடு.

3. சீட்டும் பென்சிலும்

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லை, சின்னம் இல்லை. ஒரே வாக்கியத்தில் கேள்வி: ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராகத் தொடர வேண்டுமா, வெளியேற வேண்டுமா? கீழே இரண்டு விடைகள், பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் பெருக்கல் குறி போட வேண்டும். முதலில் அரசு எழுதிய மசோதாவில் ஆம், இல்லை என்ற விடைகளே இருந்தன. ஆம் என்ற பக்கத்துக்கு அது சாய்வு தரும் என்று தேர்தல் ஆணையம் சொன்னதால் 2015 செப்டம்பரில் மாறியது.

பிரிட்டன் வாக்குச்சாவடிகளில் குறி போடப் பென்சில் வைத்திருப்பார்கள்; பெரும்பாலும் நூலில் கட்டித் தொங்கும் குட்டைப் பென்சில். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். 2016இல் திடீரென்று ஒரு பேச்சு பரவியது: பென்சில் குறியை உளவுத்துறை இரவோடு இரவாக அழித்துவிடும், பேனா கொண்டுபோங்கள். தேர்தல் ஆணையம், பேனாவுக்குத் தடையில்லை, பென்சில் வெறும் வழக்கம் என்று விளக்க வேண்டியதாயிற்று. சட்டைப் பையில் பேனாவோடு வந்தவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். முடிவை மாற்றிவிடுவார்கள் என்று நம்பிய அந்த மனிதர்கள், அப்படியிருந்தும் வந்து வாக்களித்தார்கள். முழு அவநம்பிக்கை வீட்டில் உட்காரும். பேனாவோடு புறப்படுவது பாதி நம்பிக்கை.

சீட்டில் இல்லாதவை இரண்டு. முதலாவது, வரம்பு. 1979இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காடு ஆம் சொல்ல வேண்டும் என்ற விதி இருந்தது. வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காடு ஆம் என்றும் முயற்சி தோற்றது. 2016இல் அப்படி எந்த விதியும் இல்லை. வெளியேறச் சொன்னவர்கள் மொத்த வாக்காளர்களில் 37.4 விழுக்காடு. சட்டப்படி முடிவு வெறும் ஆலோசனைதான். ஆனால் 93 லட்சம் பவுண்ட் செலவில் அரசு வீடுவீடாக அனுப்பிய துண்டறிக்கை, மக்கள் எடுக்கும் முடிவை நிறைவேற்றுவோம் என்று வாக்குக் கொடுத்தது. இரண்டாவது, வெளியேறுவது என்றால் என்ன என்ற விளக்கம். அதற்கு 7ஆம் பகுதியில் வருகிறேன்.

4. எடைபோடல்

4.1 பணம்

வாரம் 35 கோடி பவுண்ட் ஒன்றியத்துக்குப் போகிறது, அதைத் தேசிய மருத்துவ சேவைக்குக் கொடுப்போம் என்று வெளியேறும் பிரசாரத்தின் சிவப்புப் பேருந்து ஒன்று ஊர் ஊராகப் போனது. 1984இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் பேரம்பேசி வாங்கிய தள்ளுபடி அந்தக் கணக்கில் சேரவில்லை. தள்ளுபடி போக அனுப்பியது வாரம் சுமார் 25 கோடி. அதிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் வட்டார நிதியாகவும் திரும்பி வந்தது. புள்ளிவிவர ஆணையம் இது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று கண்டித்தது. பேருந்து நிற்கவில்லை.

மறுபக்கம் கருவூலம், வெளியேறினால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 4,300 பவுண்ட் நட்டம் என்றது. 2030இல் பொருளாதாரம் வளர்ந்திருக்கக்கூடிய அளவைவிட எவ்வளவு குறைவாக வளர்ந்திருக்கும் என்ற மதிப்பீட்டைக் குடும்பங்களால் வகுத்து வந்த எண் அது. இன்றைய சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் தொகை என்றே பலர் புரிந்துகொண்டனர். அரசும் திருத்த அவசரப்படவில்லை.

இரு மிகையும் ஒன்றல்ல. முதலாவது, கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் உடனே உடையும், இரண்டாவது முன்கணிப்பு. ஆனால் மனம் கசந்தவர் இரண்டையும் சமமாக வைத்துத் தள்ளிவிட்டார். வளர்ச்சி விகிதம் அவருக்கு எட்டாத பொருள். நியூகாசிலில் நடந்த ஒரு கூட்டத்தில் பேராசிரியர் ஆனந்த் மேனன் நாட்டின் மொத்த உற்பத்தி வீழும் என்று விளக்கியபோது, ஒரு பெண் குறுக்கிட்டு அது உங்களுடைய உற்பத்தி, எங்களுடையது இல்லை என்று கத்தியதாக அவரே பின்னர் சொன்னார். அந்தக் குறுக்கீட்டில் பொருளாதார அறியாமை எதையும் நான் காணவில்லை. வளர்ச்சி லண்டனில் தங்கிவிட்டது என்பது உண்மை.

4.2 எபு வேல்

தெற்கு வேல்ஸில் உள்ள எபு வேல், தேசிய மருத்துவ சேவையை உருவாக்கிய அனியூரின் பெவனின் தொகுதி. ஒருகாலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய எஃகு ஆலைகளில் ஒன்று அங்கே இருந்தது. 2002இல் மூடப்பட்டது. அதன் பிறகு கார்டிஃப் வரை பயணிகள் ரயில் மீண்டும் ஓடியதும், ஆலை இருந்த இடத்தில் கல்லூரி எழுந்ததும், மலைச்சாலை அகலமானதும் ஒன்றியத்தின் நிதியுதவியோடு. நீலக் கொடியும் பன்னிரண்டு நட்சத்திரமும் போட்ட பலகைகள் ஊரெங்கும் நின்றன. வெளிநாட்டுக் குடியேறிகள் அங்கே மிகக் குறைவு. ஊர் அடங்கிய பிளைனாய் குவென்ட் வட்டாரம் 62 விழுக்காடு வெளியேறச் சொன்னது.

இதை நன்றிகேடு என்று எழுதியவர்கள் உண்டு. ஊர்க்காரர் பார்வையில் கணக்கு வேறு. ஆலையில் வேலை போனது. ஈடாக வந்தது வேலைக்கு வெளியூர் போவதற்கான ரயில். எதைக் கட்டுவது என்று அவர்களைக் கேட்டவர் யாரும் இல்லை. ஒன்றியம் பணம் தந்தது, பெயர்ப்பலகையும் வைத்தது, ஆனால் அதைப் பதவியிலிருந்து இறக்கவோ ஏற்றவோ அந்த ஊரால் முடியவில்லை. எஃகு ஆலையை மூடியது பிரசல்ஸ் அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரண்டு தொலைதூர அதிகாரங்களில் ஒன்றின் மேல் கைவைக்கும் வாய்ப்பு வந்தது, கைக்கெட்டியதைப் பிடித்தார்கள்.

4.3 குடியேற்றம்

2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது இடைக்காலத் தடையின்றித் தொழிலாளர் சந்தையைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றே. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்று உள்துறைக்காகத் தயாரித்த ஆய்வு கணித்தது. வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. காய்கறி வயல்களும் பொட்டலமிடும் கூடங்களும் நிறைந்த லிங்கன்ஷயரின் போஸ்டன் நகரம் 75.6 விழுக்காடு வெளியேறச் சொல்லி நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

எண்ணிக்கையைப் பதினாயிரக் கணக்குக்குள் கொண்டுவருவேன் என்று 2010 முதல் பிரதமர் டேவிட் கேமரன் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கெடுப்புக்கு நான்கு வாரம் முன் வெளியான புள்ளிவிவரப்படி 2015இல் நிகரக் குடியேற்றம் 3,33,000. நாட்டைவிட்டுப் போன பிரிட்டிஷ்காரர்களைக் கழிப்பதற்கு முன், ஒன்றியத்திலிருந்து 1,84,000 பேர். ஒன்றியத்துக்கு வெளியே இருந்து 1,88,000 பேர். இந்த இரண்டாவது எண்ணை யாரும் உரக்கச் சொல்லவில்லை. அதன் மேல் பிரசல்ஸுக்கு எந்த அதிகாரமும் இல்லை. பெரும்பாலும் லண்டன் கொடுத்த விசா. கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம் என்ற வெளியேறும் தரப்பின் முழக்கத்தை எடைபோட்டவர், ஏற்கெனவே கையில் இருந்த கட்டுப்பாட்டை இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவைப்பதில் இரு தரப்புக்கும் ஆதாயம் இல்லை.

4.4 இறக்கும் உரிமை

கசந்த வாக்காளரின் வாதங்களில் எனக்கு மிக வலுவாகத் தெரிவது இதுதான். தொழிற்கட்சியின் டோனி பென் 1975 வாக்கெடுப்பிலேயே, ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தை எதிர்த்தவர். அதிகாரத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டியவை என்று ஐந்து கேள்விகளைச் சொல்லிவந்தார். கடைசிக் கேள்வி, உங்களை நாங்கள் எப்படி இறக்குவது என்பது. ஐரோப்பிய ஆணையம்தான் சட்ட முன்வரைவுகளைக் கொண்டுவருகிறது. அதன் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமராக இருந்த கார்டன் பிரவுனை மக்கள் இறக்கலாம், இறக்கினார்கள். பிரசல்ஸில் யாரை இறக்குவது?

எதிர்வாதம் இரண்டு. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அன்று சுமார் 800 பேர் இருந்தனர். அவர்களில் 92 இடங்கள் பரம்பரைப் பிரபுக்களுக்கு, 26 பேர் பிஷப்புகள். ஒருவரைக்கூட மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாவது எதிர்வாதம் கூர்மையானது. 1999 முதல் பிரிட்டன் தன் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களை விகிதாச்சார முறையில் தேர்ந்தெடுத்தது. 2014இல் அத்தேர்தலில் சுதந்திரக் கட்சி நாட்டிலேயே முதலாவதாக வந்து 73இல் 24 இடங்களைப் பிடித்தது. ஓராண்டு கழித்து வெஸ்ட்மின்ஸ்டரில் அதற்குக் கிடைத்தது ஒன்று. அதாவது ஒன்றியத்தை வெறுத்தவரின் வாக்குக்கு முழு எடை கொடுத்த சபை, அவர் விட்டு வெளியேற நினைத்த சபைதான்.

இந்த எதிர்வாதம் அவரை அசைக்கவில்லை. அசைக்காததற்குக் காரணமும் உண்டு. ஐரோப்பியத் தேர்தலில் யார் வென்றாலும் ஆட்சி மாறுவதில்லை. எடையுள்ள வாக்கு ஓரிடத்தில், ஆட்சியை மாற்றும் வாக்கு வேறிடத்தில். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று அவர் திகைத்ததில் நியாயம் இருக்கிறது.

4.5 இடதுசாரித் தயக்கம்

2015 ஜூலை 5 அன்று கிரேக்க மக்கள் 61 விழுக்காடு கடன் நிபந்தனைகளை மறுத்தனர். ஒரு வாரம் கழித்து அவர்களுடைய அரசு அதைவிடக் கடுமையானவற்றை ஏற்றது. பிரிட்டனின் இடதுசாரிகளில் ஒரு பகுதியினருக்கு ஒன்றியத்தின் மேல் இருந்த மயக்கம் அந்த வாரத்தில் தெளிந்தது. ஆனால் பிரிட்டன் யூரோ நாணயத்தில் இல்லை, ஏதென்ஸின் கழுத்தில் விழுந்த கயிறு லண்டனுக்கு எட்டாது. உணர்ச்சியில் வலுவான, பொருத்தத்தில் பலவீனமான வாதம்.

5. யாருக்கு வாக்கு

பொதுத்தேர்தல் வாக்காளர் பட்டியலே அடிப்படையாக இருந்ததால் பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் வாக்களிக்கலாம். ஒன்றியக் குடிமக்களில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் தவிர யாருக்கும் உரிமை இல்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டிஷ்காரருக்கும் அன்று இல்லை.

தமிழருக்கு இதன் விளைவு விசித்திரமானது. வேலை விசாவில் ஈஸ்ட்ஹாமுக்கு வந்து சில மாதங்களே ஆன சென்னை இளைஞர் பட்டியலில் பெயர் சேர்த்து வாக்களிக்கலாம். ஈழத்தமிழர்களில் பலர் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் தஞ்சம் பெற்று அந்நாட்டுக் குடியுரிமையோடு பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அண்ணனுக்கு வாக்கில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு நேராக வந்த தம்பிக்கு உண்டு. பறிபோகக்கூடியது அண்ணனின் வசிப்புரிமை, முடிவு சொல்வது தம்பி. தெற்காசிய உணவக உரிமையாளர்களில் ஒரு பகுதியினர், கிழக்கு ஐரோப்பியர் வரவு நின்றால் தங்கள் ஊர்ச் சமையல்காரர்களுக்கு விசா தளரும் என்று நம்பி வெளியேறும் பக்கம் நின்றார்கள். வெளியேறும் தரப்பு அரசியல்வாதியான பிரீத்தி படேல் அப்படித்தான் பிரசாரம் செய்தார்.

6. வராதவர்கள்

1 கோடியே 29 லட்சம் பேர் வரவில்லை. 25,359 சீட்டுகள் செல்லாதவை. நோட்டா அங்கே கிடையாது; வெறும் சீட்டைப் போட்டவரையும் தெளிவில்லாமல் குறித்தவரையும் ஒரே கட்டில்தான் கட்டுவார்கள். இவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்வது ஊகம்.

7. வைக்கப்படாத எடை

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், சீர்கெட்ட அமைப்பில் இருப்பவருக்கு இரண்டு வழி என்றார்: குரல் எழுப்புவது, அல்லது வெளியேறுவது. அவர் நினைத்தது ஒரே அமைப்பை. 2016இன் வாக்காளர் ஓர் அமைப்பில் குரல் எடுபடாததால் வேறோர் அமைப்பிலிருந்து வெளியேறினார். எனவே வெளியேறியதும் அவர் போய்ச் சேர்ந்த இடம், குரல் எடுபடாத பழைய இடமேதான்.

அந்த இடத்தில் இருந்தவர்கள் தயாராக இல்லை. வெளியேறும் பிரசாரம் விரிவான திட்டம் எதையும் வெளியிடவில்லை; வெளியிட்டால் தங்களுக்குள்ளேயே பிளவு வரும் என்பது அதன் கணக்கு. அரசோ, தோற்றால் என்ன செய்வது என்று திட்டமிடவே அதிகாரிகளை அனுமதிக்கவில்லை. மறுநாள் காலை கேமரன் பதவி விலகுவதாக அறிவித்தார். ஒற்றைச் சந்தையில் நார்வே போல இருப்பதா, முழுதாக அறுத்துக்கொள்வதா என்பதை 1 கோடியே 74 லட்சம் பேரில் யாரும் சீட்டில் எழுதவில்லை, எழுத இடமில்லை. ஆக, வெளியேறுதல் என்ற கட்டத்துக்குப் பொருள் கொடுக்கும் உரிமை, படிச்செலவுப் பட்டியல் கொடுத்த அதே சபைக்குப் போனது. 2019 ஜனவரி 15 அன்று கேமரனுக்குப் பின் பிரதமரான தெரேசா மேயின் வெளியேற்ற உடன்பாட்டை அச்சபை 432க்கு 202 என்று தள்ளியது. மார்ச் 27 அன்று எட்டு மாற்றுவழிகளில் வாக்கெடுத்து எட்டையும் நிராகரித்தது.

கிரீன்லாந்து 1982இல் 53 விழுக்காடு வாக்கோடு ஐரோப்பியச் சமூகத்தை விட்டு விலக முடிவெடுத்து 1985இல் விலகியது. அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதில் ஐயம் இல்லை: மீன்பிடி நீர்ப்பரப்பு. முடிவை நிறைவேற்றிய உள்ளூர் அரசும் மூன்றாண்டுக்கு முன்தான் தாங்களே போராடிப் பெற்றது. பிரிட்டன் வாக்காளருக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை.

தொடரச் சொல்லியிருந்தால் கசப்புத் தீர்ந்திருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் 2015இன் ஏற்பாடே தொடர்ந்திருக்கும்; அதைத்தான் அவர் வெறுத்தார். ஆனால் நம்பாதவரிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கி, அதைவிட நம்பாதவரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை கேட்டிருக்கலாம். 2011இல் மறுத்த தேர்தல்முறை மாற்றம் அந்த நிபந்தனையாக இருந்திருக்கலாம். எந்தத் தரப்பும் அதை மேசையில் வைக்கவில்லை, வாக்காளரும் கேட்கவில்லை.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. 2023 நடுவில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் லண்டன் கொடுத்த விசாவில் வந்தவர்கள். 2024 ஜூலைப் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்கில் 411 இடங்களைப் பெற்றது. ரிஃபார்ம் கட்சிக்கு 41 லட்சம் வாக்கு, 5 இடங்கள். பதிவு 60 விழுக்காட்டைத் தொடவில்லை. வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தந்த ஒரே நாடு தழுவிய தேர்தல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்தான். பிரிட்டனில் அது கடைசியாக நடந்தது 2019 மே 23 அன்று.